அக்டோபர் 28-க்கு ஒரு அனிமேஷன் நாள்: தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் நடத்துவது எப்படி?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்கு வருடமாக நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இந்த நாளை நடத்துகிறோம். 24 பிள்ளைகள், ஆறு குழு, காலை 8.30 முதல் மதியம் 1 மணி வரை. முதல் வருடம் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தோம். பெரிய திரையில் படம் போட்டுவிட்டு, அப்புறம் கையில் தாளையும் பென்சிலையும் கொடுத்தோம். ஒரு பிள்ளையும் குனிந்து வரையவில்லை. "அங்கள், இன்னொரு படம் போடுங்க லா" என்பதுதான் காலை முழுக்கக் கேட்ட குரல்.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். பிள்ளைகள் இரண்டு படத்தை அசைய வைப்பதில் தொடங்கி, பன்னிரண்டுக்குப் போய், அப்புறம் இருபத்துநான்கு, அப்புறம் போனில் எழுபத்திரண்டு. திரை கடைசியில்தான்.

1. தேதியை முதலில் முடிவு செய்யுங்கள்

அக்டோபர் 28 உலக அனிமேஷன் நாள். 1892-ல் அதே தேதியில் எமில் ரேனோ என்பவர் பாரிஸில் தான் கையால் வரைந்த அசையும் படங்களை முதன்முதலாகப் பொதுமக்களுக்குக் காட்டினார். அழைப்பிதழில் இந்த இரண்டு வரி போதும்.

ஆனால் நிகழ்ச்சி 28-ஆம் தேதியிலேயே நடக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். தீபாவளி 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை வைத்தால் பாதிப் பேர் துணிக்கடையில் இருப்பார்கள். நாள்காட்டியில் தீபாவளியைப் பார்த்துவிட்டு, அதற்கு ஒரு வாரமாவது தள்ளி ஒரு சனிக்கிழமையைப் பிடியுங்கள்.

இன்னொன்று, பினாங்கில் அக்டோபர் நல்ல மழைக்காலம். தகரக் கூரை மண்டபத்தில் மழை பிடித்தால் ஒலிபெருக்கியில் கத்தினாலும் கேட்காது. பேசி விளக்க வேண்டிய வேலை எல்லாவற்றையும் காலையில் வையுங்கள். இங்கே பெரும்பாலும் மழை மதியத்துக்கு மேல்தான் வரும்.

2. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

பெரிய செலவு ஒன்றும் இல்லை. போன்கள் பெற்றோருடையவை, மேசை விளக்குகள் ஆசிரியர்கள் வீட்டிலிருந்து வந்தவை. மற்றதெல்லாம் சேர்த்து எங்களுக்கு 120 வெள்ளிக்குள் முடிந்தது.

வெள்ளை மணிலா அட்டை நான்கு, கறுப்பு மணிலா அட்டை எட்டு, ஏ4 தாள் ஒரு கட்டு, தலைக்கு ஒன்றாக 24 சதுர ஒட்டுத்தாள் கட்டு, நூல், மாஸ்கிங் டேப், மெல்லிய முனையுள்ள கறுப்புப் பேனா. பென்சில் மட்டும் கொடுக்காதீர்கள். பென்சில் கோடு கையில் பார்க்க நன்றாக இருக்கும், சுழலும்போது காணாமல் போய்விடும். தடித்த மார்க்கரும் ஆகாது. ஒட்டுத்தாளில் அடுத்த இரண்டு பக்கத்துக்கும் ஊறிவிடும்.

படங்களைச் சுழற்றிக் காட்டும் டப்பாவுக்கு அடியில் வைக்க, கேக் அலங்கரிக்கும் சுழல்மேசை இரண்டு வேண்டும். வாங்க வேண்டாம். வீட்டில் கேக் செய்து விற்கும் அக்கா ஒருவராவது எல்லாப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் இருப்பார்.

போனில் படம் பிடிக்கப்போகும் கோலத்துக்குக் கால் கிலோ துவரம் பருப்பு, கால் கிலோ பச்சைப் பயறு. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் போனால் கலர் கோலப்பொடி ஆசை காட்டும். வாங்காதீர்கள். காரணம் ஏழாவது பகுதியில் வருகிறது.

3. டப்பாவைப் பெரியவர்கள் செய்துவைக்கட்டும்

சுழலும் டப்பாவுக்குள் படப்பட்டையை வைத்து, பக்கத்தில் இருக்கும் கீற்றுகள் வழியாகப் பார்க்கும் அந்தக் கருவிக்கு ஜோயட்ரோப் என்று பெயர். எங்கள் பிள்ளைகள் வைத்த பெயர் மாயடப்பா. இதன் கீற்றுகளைக் கத்தியால் வெட்ட ஒரு மணி நேரம் ஆகும், பத்து வயதுப் பிள்ளைகள் கையில் கத்தி கொடுப்பதும் சரியில்லை. முந்தின வாரமே இரண்டு டப்பா செய்துவிடுங்கள்.

புதிதாகச் செய்பவர்கள் முதலில் டப்பாவைச் செய்துவிட்டு, பிறகு அதற்கேற்பப் பட்டையை வெட்டப் பார்ப்பார்கள். ஒரு சென்டிமீட்டர் இடிக்கும். பட்டையிலிருந்து தொடங்குங்கள். ஏ4 தாளை நீளவாக்கில் 7 செ.மீ. அகலத்தில் மூன்றாக வெட்டினால் மூன்று பட்டை. ஒவ்வொன்றிலும் 4.9 செ.மீ. கட்டம் ஆறு போட்டால் கடைசியில் 3 மி.மீ. மிஞ்சும், அதுதான் பசை தடவும் இடம். இரண்டு பட்டையை ஒட்டினால் பன்னிரண்டு கட்டம், மொத்தம் 58.8 செ.மீ.

இப்போது டப்பா. கறுப்பு மணிலா அட்டையின் நீளப் பக்கத்தில் 58.8 செ.மீ. அளந்து, ஒட்டுவதற்கு 2 செ.மீ. கூட்டி வெட்டுங்கள். உயரம் 17 செ.மீ. அடியிலிருந்து 8.5 செ.மீ. உயரத்தில் தொடங்கி 15 வரை போகும் கீற்றுகள் பன்னிரண்டு, 4.9 செ.மீ.க்கு ஒன்று. கீற்றின் அகலம் 4 மி.மீ., அதற்கு மேல் போகக் கூடாது. மேலே 2 செ.மீ. வெட்டாமல் விடுவது அட்டை தொங்கிப்போகாமல் இருக்க. வளைத்து ஒட்டி, சுழல்மேசையின் நடு மையத்தில் டேப் போட்டு நிறுத்துங்கள். மையம் தவறினால் டப்பா ஆடும், படமும் கூடவே ஆடும்.

கறுப்பு அட்டைதான் வேண்டும். எங்களுடைய முதல் டப்பா மஞ்சள் அட்டையில் செய்தது. உள்ளே இருக்கும் படத்தைவிட வெளிப்பக்கம் பளிச்சென்று இருந்ததால் கண் அதிலேயே நின்றுவிட்டது.

4. காலை 8.30: விளக்கும் சுடரும்

முதல் வேலை சுலபமாகவும், ஐந்து நிமிடத்தில் பலன் தெரிவதாகவும் இருக்க வேண்டும். 8 செ.மீ. வட்டமாக வெள்ளை அட்டையை வெட்டி, இடமும் வலமும் ஓட்டை போட்டு நூல் கட்டுங்கள். முன்பக்கம் குத்துவிளக்கு, பின்பக்கம் சுடர் மட்டும். நூலை முறுக்கி இழுத்தால் விளக்கு எரிவது தெரியும். 1825 வாக்கில் லண்டனில் இதையே பறவையும் கூண்டுமாக விற்றார்கள்.

பத்துப் பேரில் ஒன்பது பேர் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். சுடரை நேராக வரைந்துவிடுவார்கள். நூல் இடமும் வலமும் இருப்பதால் அட்டை மேலிருந்து கீழாகப் புரளும். ஆகவே பின்பக்கப் படம் தலைகீழாக இருக்க வேண்டும். வாயால் சொல்லிப் புரியவைக்க முயலாதீர்கள். முன்பக்கம் வரைந்ததும் அட்டையைப் பக்கவாட்டில் திருப்பாமல் காலண்டர் தாள்போல மேலே தூக்கிப் புரட்டச் சொல்லுங்கள். அப்படியே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் விளக்கின் நிழல் தலைகீழாகத் தெரியும். அதன் வாய்க்கு நேராகச் சுடரை, அதையும் தலைகீழாக, வரையச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

5. பன்னிரண்டு கட்டம்

இந்த நாளின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

பட்டையைக் கொடுப்பதற்கு முன் ஒரு காட்சி. மாதிரிப் பட்டை ஒன்றை டப்பாவுக்குள் வைத்துச் சுழற்றி, முதலில் மேல் விளிம்பு வழியாக எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் கலங்கிய கோடுகள். அடுத்து குனிந்து கீற்றுகள் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். அதே பட்டை, அதே வேகம், ஆனால் உள்ளே மனிதன் குதிக்கிறான். ஒவ்வொரு வருடமும் இந்த இடத்தில் ஒரு பிள்ளையாவது எழுந்து டப்பாவின் மறுபக்கம் போய் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று பார்க்கும்.

கீற்றுக்கும் கீற்றுக்கும் நடுவே வரும் கறுப்பு அட்டை கண்ணை ஒரு கணம் மூடிவிடுகிறது. அந்த இருட்டில் ஒரு படம் போய் அடுத்தது வந்து உட்கார்ந்துவிடுகிறது. நகர்வதைப் பார்க்க விடாததால்தான் அசைவு தெரிகிறது. கீற்றை 4 மி.மீ.க்கு மேல் அகலமாக வெட்டாதீர்கள் என்று மேலே சொன்னதும் இதனால்தான். அகலம் கூடினால் இருட்டு குறையும், படம் கலங்கும்.

என்ன வரையச் சொல்வது? "இஷ்டப்பட்டதை வரை" என்றால் ரோபோ சண்டைதான் வரும், பன்னிரண்டு கட்டத்தில் அது முடியாது. நாங்கள் தே தாரிக் என்கிற நுரைத் தேநீரை ஆற்றுவதைக் கொடுக்கிறோம். எல்லாப் பிள்ளைகளும் மாமாக் உணவுக்கடையில் பார்த்தது. ஒரு கை கீழேயே நிற்கும், மற்றக் கை மேலே போகும், திரும்பி வரும். போய் வருவதால் முடிவில்லாமல் சுழலும்.

வரையும் வரிசை: முதல் கட்டத்தில் இரண்டு குவளையும் ஒட்டி இருக்கட்டும். ஏழாவது கட்டத்தில் மேல் குவளை உச்சியில். இந்த இரண்டையும் முதலில் வரைந்துவிட்டு, நான்காவதும் பத்தாவதும். கடைசியாகத்தான் மற்றவை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போனால் எட்டாவது கட்டத்திலும் கை மேலே ஏறிக்கொண்டே இருக்கும், இறங்க இடம் இருக்காது.

வரும் தவறுகள் மூன்று.

பன்னிரண்டாவது படத்தை முதல் படம் போலவே வரைவது. சுழலும்போது பன்னிரண்டுக்கு அடுத்து ஒன்றுதானே வருகிறது? ஒரே படம் இரண்டு முறை வந்து, அசைவு விக்கும். பன்னிரண்டாவது, முதலுக்கு ஒரு படி முந்தையதாக இருக்க வேண்டும்.

இடைவெளியைச் சமமாகப் பிரிப்பது. கை லிஃப்ட் மாதிரி ஏறும். உச்சியிலும் அடியிலும் படங்கள் நெருக்கமாகவும் நடுவில் தள்ளித் தள்ளியும் இருந்தால்தான் ஆற்றுகிற கை போல இருக்கும். இதை விளக்க ஒரு சோதனை போதும்: பிள்ளையையே எழுப்பி, வெறுங்கையால் ஆற்றிக் காட்டச் சொல்லுங்கள். கை எங்கே தயங்குகிறது என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

மூன்றாவது பிள்ளைகளின் தவறு இல்லை. டப்பாவில் பார்க்கும்போது எல்லாம் ஒல்லியாகத் தெரியும். முன்பக்கக் கீற்று ஒரு திசையில் ஓட, எதிர்ப்பக்கப் படம் மறுதிசையில் ஓடுவதால் அகலம் சுருங்குகிறது. வட்டமாக வரைந்த பந்து முட்டையாகிவிடும். அதனால் எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகலமாக வரையச் சொல்லுங்கள். தாளில் பார்க்கும்போது தே தாரிக் அண்ணன் தொப்பையோடு இருப்பார், பரவாயில்லை.

பார்க்கும்போது டப்பாவுக்கு மேலே ஒரு மேசை விளக்கு உள்நோக்கி எரியட்டும். வேகம் விநாடிக்கு ஒரு சுற்று. பிள்ளைகள் பம்பரம் மாதிரி சுண்டிவிடுவார்கள். சுழற்றுவதற்கென்று ஒரு பெரியவரை உட்காரவையுங்கள்.

சீக்கிரம் முடித்துவிட்டு "போர் அடிக்குது" என்று வரும் பிள்ளைக்குப் அதே நீளத்தில் பதின்மூன்று குறுகலான கட்டம் போட்ட பட்டை ஒன்றைக் கொடுங்கள். கீற்று பன்னிரண்டு, படம் பதின்மூன்று என்றால் உருவம் நின்ற இடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் நகர்ந்து போகும். ஏன் என்று யோசிக்கவே அரைமணி நேரம் போய்விடும்.

6. ஒட்டுத்தாள் புத்தகம்

இடைவேளைக்கு முன் இது. நாசி லெமாக் வாசம் வரும் நேரத்தில் கடினமான வேலை எதுவும் நடக்காது, உட்கார்ந்த இடத்தில் வரையும் வேலைதான் சரி.

கடைசித் தாளிலிருந்து முன்னோக்கி வரைய வேண்டும். அப்போதுதான் அடியில் இருக்கும் முந்தைய படம் லேசாகத் தெரியும், அதைப் பார்த்துக் கொஞ்சம் நகர்த்தி வரையலாம். முதல் தாளில் தொடங்கும் பிள்ளை ஒவ்வொரு முறையும் தூக்கித் தூக்கிப் பார்த்துக் களைத்துப்போகும். படம் பசை இல்லாத விளிம்பின் பக்கம் இருக்கட்டும். பசைப் பக்கம் வரைந்தால் புரட்டும்போது அந்தப் பகுதி திறக்கவே திறக்காது. குறைந்தது 24 தாள். அதற்குக் குறைந்தால் கண் பிடிப்பதற்குள் முடிந்துவிடும்.

7. பருப்புக் கோலம்

இடைவேளைக்குப் பிறகு போன். குழுவுக்கு ஒன்று. ஒவ்வொரு படமாக எடுத்துச் சேர்த்து ஓட்டிக் காட்டும் ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ போன்ற ஒரு ஆப்பை முந்தின நாளே ஏற்றிவிடுங்கள், மண்டபத்து வைஃபையை நம்ப வேண்டாம். விநாடிக்கு 12 படம் என்று வேகத்தை வையுங்கள்.

இரண்டு நாற்காலிகளின் முதுகுக்குக் குறுக்கே ஒரு பலகை, அதன் விளிம்பில் கேமரா கீழே பார்க்கும்படி போன், மாஸ்கிங் டேப்பால் இறுக்கமாக. கீழே தரையில் கறுப்பு மணிலா அட்டை, நான்கு மூலையிலும் டேப். மேசையில் வைத்தால் யாராவது சாய்வார்கள். சார்ஜர் ஒயரைத் தொடங்கும்போதே செருகிவிடுங்கள், பாதியில் செருகினால் போன் ஒரு மில்லிமீட்டர் நகரும், கோலம் துள்ளும். விமான நிலையில் போடுங்கள். இல்லாவிட்டால் நாற்பதாவது படத்தில் பாட்டி அழைப்பார்.

ஃபோகஸ், வெளிச்சம், வண்ணம் மூன்றையும் பூட்டுங்கள். தானியங்கியில் விட்டால் கை உள்ளே வந்து போகும்போதெல்லாம் போன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, படம் மின்னும். ஜன்னல் திரையை மூடி, மேசை விளக்கில் மட்டும் எடுங்கள். மேகம் ஓடும் வானத்தை யாராலும் பூட்ட முடியாது.

அப்புறம், மின்விசிறி. இரண்டாம் வருடம் கோலப்பொடியில் எடுத்தோம். ஐம்பது படம் எடுத்த பிறகு, வேர்க்கிறதே என்று யாரோ நல்ல மனதோடு விசிறியைப் போட்டார். கோலம் போயேபோச்சு. பொடியைக் கையால் திருத்தவும் முடியாது, விரல் பட்ட இடமெல்லாம் தேயும். பருப்பு காற்றுக்கு நகராது, ஒவ்வொன்றாக எடுக்கவும் வைக்கவும் முடியும்.

இப்போது எங்களுக்குப் பிடித்த தந்திரம். கோலத்தைப் போட்டுக்கொண்டே படம் எடுக்காதீர்கள். முழுக் கோலத்தையும் முதலில் போட்டு முடித்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே படம் பிடியுங்கள். பிறகு எடிட்டிங் ஆப்பில் ரிவர்ஸ், அதாவது கடைசியிலிருந்து முன்னோக்கி ஓடவிடுவது. காரணம் இரண்டு: பிள்ளைகள் போடும் கோலம் பாதியில் கோணிப்போனாலும் படம் எடுக்கும் முன்பே திருத்திவிடலாம். வைப்பதைவிட எடுப்பது வேகம், பக்கத்துப் பருப்பும் கலையாது.

கணக்கு இப்படி. ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளி, 25 புள்ளி. புள்ளிக்குப் பச்சைப் பயறு, கோட்டுக்குத் துவரம் பருப்பு. முதலில் முழுக் கோலத்தை எதையும் தொடாமல் 12 படம் எடுங்கள். ரிவர்ஸ் செய்யும்போது இது கடைசி ஒரு விநாடியாகி, முடிந்த கோலத்தைக் கண் பார்க்க நேரம் கொடுக்கும். இதை மறந்தால் கோலம் நிறைந்த அதே நொடியில் திரை இருண்டுவிடும். அடுத்து கோட்டிலிருந்து ஒரு விரற்கடை, ஒரு படம் என்று 35 படம். அப்புறம் புள்ளி ஒவ்வொன்றாக 25. ஆக 72 படம், ஆறு விநாடி.

நால்வருக்கும் வேலை பிரியுங்கள்: ஒருவர் எடுப்பார், ஒருவர் போனைத் தட்டுவார், ஒருவர் எண்ணுவார், ஒருவர் நிழலைப் பார்ப்பார். எடுப்பவர் கையை வெளியே இழுத்து "கை இல்ல" என்று சொன்ன பிறகே தட்ட வேண்டும். இந்த விதி இல்லாமல் எடுத்த படத்தில் நடு நடுவே விரல் பூரான் மாதிரி ஓடும். போனைத் தட்டும்போது ஆடினால், ஒயர் உள்ள இயர்போனின் சத்தம் கூட்டும் பொத்தான் பல போன்களில் கேமரா பொத்தானாக வேலை செய்யும். முதல் நாளே சோதித்துப் பாருங்கள்.

8. வரலாறு ஐந்து நிமிடம், இங்கே மட்டும்

பெரியவர் ஒருவர் ஆறு குழுவின் படத்தையும் ஒன்றாகச் சேர்க்கும் நேரத்தில் பிள்ளைகளைச் சும்மா விட முடியாது. வரலாற்றை இங்கே சொல்லுங்கள். காலையில் சொன்னால் வெறும் பெயரும் வருடமும். 72 படம் எடுத்து முதுகு வலிக்கும்போது சொன்னால் காது கொடுப்பார்கள். 1908-ல் எமில் கோல் சுமார் 700 படம் வரைந்து ஒரு குட்டிப் படம் செய்தார், அது இரண்டு நிமிடம்கூட ஓடாது என்று சொன்னால், போன வருடம் ஒரு பையன் விரல்விட்டு எண்ணிவிட்டு, "700-உம் அவரே வரைஞ்சாரா?" என்றான்.

அடுத்து நம் நாடு. அரசுத் திரைப்பட நிறுவனமான ஃபிலெம் நெகாராவில் ஆனந்தம் சேவியர் உருவாக்கிய சாங் காஞ்சில் (மலாய்க் கதைகளில் வரும் சருகுமான்) குறும்படம், மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படம். 1978-ல் செய்தது, 1983-ல்தான் தொலைக்காட்சியில் வந்தது. பெயரைக் கேட்டதும் "நம்மாளா?" என்று கேட்பார்கள். அதற்கு மேல் பேச்சை நீட்ட வேண்டாம்.

9. திரையிடல்

12.15-க்குப் பெற்றோரை வரச் சொல்லுங்கள். அதற்கு முன்பே வந்தால் பிள்ளையின் கையிலிருந்து பேனாவை வாங்கித் தாங்களே வரைய ஆரம்பிப்பார்கள். அப்பாக்கள்தான் அதிகம்.

மொத்தப் படமும் 36 விநாடி. "இவ்வளவுதானா?" என்ற முகம் கட்டாயம் வரும். ஒவ்வொரு குழுவின் படத்தையும் மூன்று முறை ஓடவிடுங்கள். முதல் முறை எது என்ன என்று புரியும், இரண்டாம் முறை ரசிப்பார்கள், மூன்றாம் முறை தங்கள் பிள்ளை எடுத்த பருப்பைத் தேடுவார்கள். படத்துக்கு முன் நால்வர் பெயரும் தமிழில், பெரிய எழுத்தில். எழுத்துப்பிழை இருந்தால் அதைப் பற்றித்தான் வாட்சப்பில் ஒரு வாரம் பேச்சு ஓடும்.

சினிமாப் பாட்டை ஒட்டாதீர்கள். உரிமைப் பிரச்சினை ஒரு பக்கம், பாட்டு வந்தால் பிள்ளைகளின் படம் பின்னால் போய்விடும். திரை ஓடும்போது பிள்ளைகளே வாயால் சத்தம் போடட்டும். பருப்பு ஒவ்வொன்றும் வந்து உட்காரும்போது "டிக், டிக்" என்று 24 பேர் சொன்னால் மண்டபமே சிரிக்கும். கோப்பைப் பென்டிரைவில் ஒன்றும் மடிக்கணினியில் ஒன்றுமாக வையுங்கள். புரொஜெக்டரைக் காலை எட்டு மணிக்கே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

டப்பா இரண்டும் வாசல் பக்கம் இருக்கட்டும். பெற்றோர் போகும்போது நின்று பார்ப்பார்கள். விளக்கை மறக்காதீர்கள்.

10. மூட்டை கட்டும் முன்

பட்டையின் பின்புறம் பெயரும் வருடமும் எழுதி வாங்குங்கள், ஒட்டுத்தாள் புத்தகம் வீட்டுக்குப் போகட்டும். போன்களில் இருக்கும் மூலப் படங்களை அன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள். இடம் போதவில்லை என்று இரவே அழித்துவிடுவார்கள். டப்பாவைச் சுழல்மேசையிலிருந்து மெதுவாகப் பிரித்து, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி வைத்தால் அடுத்த வருடம் வரை வடிவம் மாறாது. சுழல்மேசையைத் துடைத்து அக்காவிடம் கொடுங்கள், டேப் பசை ஒட்டியிருந்தால் தேங்காய் எண்ணெய் தடவினால் போகும்.

பருப்பைச் சமையலுக்கு எடுக்காதீர்கள், 24 பேர் கைபட்டது. பாட்டிலில் போட்டு இரண்டு காய்ந்த மிளகாயைச் சேர்த்து மூடிவைத்தால் அடுத்த அக்டோபர் வரை வண்டு வராது.